வெண்பனியில் வெற்று லாரி

பாரம் இல்லாத வண்டி சுலபமாக ஓடும் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பும் மாட்டுவண்டி துள்ளிக்கொண்டு வரும்; காலி லாரி மேட்டில் முனகாமல் ஏறும். ஆனால் இந்த அனுபவம் தலைகீழாகிவிடும் இடங்களும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபுறத்து மாநிலங்களிலும் கனடாவிலும், டிசம்பர் முதல் மார்ச்சு வரையில் சாலைகளின்மீது வெண்பனி படிந்து கிடக்கும் காலத்தில், காலியாக உள்ள சிறு லாரிதான் மேட்டில் ஏறமாட்டாமல் தவிக்கும். பாரம் ஏற்றிய லாரி அதன் பக்கத்திலேயே நிதானமாக ஏறிப் போய்விடும். ஆகவே அந்நாட்டில் லாரி வைத்திருப்பவர்கள் பலர், குளிர்காலம் தொடங்கியதும் காசு கொடுத்து மணல் மூட்டைகளை வாங்குகிறார்கள். அந்த மணலை எவரிடமும் கொண்டு சேர்க்க வேண்டியதில்லை. லாரியின் பின்புறத்தில் அதை ஏற்றிவைத்துக்கொண்டு மூன்று நான்கு மாதங்கள் ஊரெல்லாம் சுற்றிவருகிறார்கள்!

மினசோட்டா மாநிலத்தில் மூன்று குளிர்காலங்களைக் கழித்தவன் நான். அடுத்த வீட்டுத் தச்சர் ஒருவர் நவம்பர் மாதக் கடைசியில் தம் பழைய லாரியில் மணல் மூட்டைகளை அடுக்குவதைக் கண்டு, அதன் காரணத்தை ஆராயப் புகுந்தேன். கல்லூரியில் நாம் படிக்கும் பௌதிகத்தின் ஒரு பகுதி முழுமையாக அந்த மூட்டைகளுக்குள் அடங்கியிருந்தது. அதை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மார்கழி மாதத்துக் காலையில் புல் நுனியில் முத்துப்போல் நிற்பதையும் நாம் பனி என்றே சொல்லுகிறோம். அது வெறும் நீர்த்துளி. நான் இங்கே பேசுவது, வானிலிருந்து பஞ்சுபோல் உதிரும் வெண்பனியைப் பற்றி. அது சக்கரங்களால் மிதிபட்டு இறுகினால் கெட்டித்த வெண்பனி ஆகும். உருகி மறுபடியும் உறைந்தால் பனிக்கட்டி ஆகும். புதிதாய் விழுந்தது, இறுகியது, உறைந்தது ஆகிய இம்மூன்றும் சக்கரத்திடம் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

இனி, அந்த லாரியைப் பார்ப்போம். அமெரிக்கர் அதை ‘பிக்கப்’ என்பர். முன்புறத்தில் இயந்திரமும் ஓட்டுநரின் அறையும், பின்புறத்தில் மேல் மூடியில்லாத ஒரு பெட்டியும் கொண்டது அது. ஃபோர்டு கம்பெனி 1925-ஆம் ஆண்டில் தன் ‘மாடல் டி’ வண்டியின் பின்னால் இத்தகைய பெட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கியது. குடியானவரும் தச்சரும் குழாய் வேலை செய்வோரும் அன்று முதல் அதை விட்டபாடில்லை. 1980-களில் வெளிவந்த சிறிய பிக்கப் லாரிகள் ஏறக்குறைய 1200 கிலோ எடை உள்ளவை. என் அண்டை வீட்டாரின் லாரியும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதன் இயந்திரம் இருப்பது முன்னே. அதன் சக்தி செல்வதோ பின் சக்கரங்களுக்கு. பெட்டியில் சரக்கு இருக்கும்போது இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது. சரக்கின் எடை பின் சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். அவை நன்றாகப் பற்றி உந்தும். பெட்டி காலியாகிவிட்டால், வண்டியின் எடையில் பெரும்பங்கு முன் சக்கரங்களின்மீது இருக்கிறது. உந்த வேண்டிய சக்கரத்தின்மீது எடை இல்லை. எடையுள்ள சக்கரத்துக்கு உந்தும் வேலை இல்லை. தொல்லையின் வேர் இதுதான்.

சக்கரம் சுழல்வதனால் மட்டும் வண்டி நகர்ந்துவிடுவதில்லை. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளவேண்டும். தரை அதற்கு எதிராகச் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளவேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே நின்று காரியத்தை முடித்துவைப்பது உராய்வு. உராய்வு இல்லையேல், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். உராய்வின் அளவைப் பற்றி ஃபிரெஞ்சு அறிஞர் அமாந்தோன் 1699-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு பொருள் தரையை எவ்வளவு எடையோடு அழுத்துகிறதோ, அதற்கு ஏற்ற விகிதத்தில் உராய்வு அமையும் என்பது அந்த விதி. அந்த விகிதத்தைத்தான் உராய்வுக் குணகம் என்கிறோம். உலர்ந்த தார்ச் சாலையில் ரப்பர் டயருக்கு அது சுமார் 0.7 அல்லது 0.8. கெட்டித்த வெண்பனியில் சுமார் 0.2. பனிக்கட்டியில் 0.1; சில சமயம் அதற்கும் குறைவு. இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்றவை கணக்கிலேயே வெளிப்பட்டுவிடும்.

நம் லாரியின் எடை 1200 கிலோ. அதில் முன் சக்கரங்களின்மீது 700 கிலோ, பின் சக்கரங்களின்மீது 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கெட்டித்த வெண்பனியில் பின் சக்கரங்கள் 500-இல் 0.2 பங்கு, அதாவது 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மட்டுமே உந்த முடியும். இயந்திரத்தில் எத்தனை குதிரைச் சக்தி இருந்தாலும் இதற்குமேல் ஓர் இம்மியும் கிடைக்காது. இப்போது மேடு ஒன்று குறுக்கிடுகிறது. நூறு அடி சென்றால் பத்தடி உயரும் மேடு அது. 1200 கிலோ வண்டியை அதில் ஏற்றுவதற்குச் சுமார் 120 கிலோ விசை வேண்டும். நம்மிடம் இருப்பதோ நூறு. வண்டி ஏறாது. நூற்றுக்கு எட்டடிக்குச் சற்று மேற்பட்ட ஏற்றம் வரையில்தான் அது ஏறும். வெண்பனி சக்கரத்தைத் தடுப்பதனால் உண்டாகும் எதிர்ப்பை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இனி மணல் வருகிறது. கடைகளில் நீண்ட குழல்போன்ற பைகளில் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ மணலை அடைத்து விற்கிறார்கள். கணக்குக்காக 150 கிலோ மணலைப் பின் அச்சுக்கு நேர்மேலே வைப்போம். பின் சக்கரங்களின்மீது 650 கிலோ ஆயிற்று. அவற்றின் விசை 130 கிலோ. மொத்த எடையும் 1350 கிலோவாக உயர்ந்துவிட்டதை மறக்கலாகாது. 130-ஐ 1350-ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஒன்பதரை. ஓரடிக்குச் சற்று மிகுதியாக இலாபம்! இன்னும் ஏற்றுவோமே என்று 300 கிலோவை ஏற்றினால், நூற்றுக்குப் பத்தடியைச் சிறிதளவே தாண்டுகிறோம். இரண்டாவது 150 கிலோ தந்த பலன் முதல் 150 கிலோவின் பலனைவிடக் குறைவு. ஏற்றிய மணல் உந்துவதற்கு உதவுகிறது. ஆனால் அந்த மணலையும் மேட்டின்மேல் ஏற்றியாக வேண்டுமல்லவா? ஆகவே கவனிக்க வேண்டியது வண்டியின் மொத்த எடை அன்று. மொத்த எடையில் எத்தனை பங்கு உந்தும் சக்கரத்தின்மீது விழுகிறது என்பதே இங்குக் கேள்வி.

இதனால் மணலை வைக்கும் இடம் முக்கியமாகிறது. மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றுவோருக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தை நுகம் அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பும். லாரியிலும் அதே நெம்புகோல் தத்துவந்தான். இரண்டு அச்சுகளுக்கும் நட்டநடுவே 150 கிலோவை வைத்தால் பாதி மணல் முன் சக்கரத்துக்குப் போய்விடும். கணக்கிட்டுப் பார்த்தால் மேடு ஏறும் திறன் ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். சரி, பெட்டியின் கடைக்கோடியில் வைத்தால் என்ன? அச்சுகளுக்கு இடையே மூன்று மீட்டர் என்றும், மணல் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னே இருக்கிறது என்றும் கொள்வோம். அப்போது பின் சக்கரங்களின்மீது 150 கிலோவுக்குப் பதில் 200 கிலோ ஏறும். முன் சக்கரங்களின்மீது 50 கிலோ குறையும். உந்துவதற்கு இது இலாபமாகத் தோன்றும். ஆனால் வண்டியைத் திருப்புபவை முன் சக்கரங்கள். அவற்றின் பிடிப்பைக் குறைத்தால் திருப்பத்தில் வண்டி திரும்பாமல் நேரே போகும். மேலும், கடைக்கோடியில் கனமான பொருள் இருந்தால், வண்டியின் வால் ஒருமுறை பக்கவாட்டில் வீசத் தொடங்கினால் அதை நிறுத்துவது கடினம். எனவே பின் அச்சுக்கு நேர்மேலே, அல்லது அதற்கு ஒரு சாண் முன்னே வைப்பதுதான் முறை.

என் அண்டை வீட்டார் ஆறு பைகளை அச்சுக்கு நேரே அடுக்கி, அவற்றைச் சுற்றி மரச் சட்டம் ஒன்று அடித்திருந்தார். தச்சர் என்பதனால் அழகுக்காகச் செய்தது அன்று அது. ஈரமான மணல் சுழிக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில் கருங்கல்லாக இறுகிவிடும். வண்டி எதன்மீதேனும் மோதி நின்றால், கட்டப்படாத அக்கல் நிற்காமல் முன்னோக்கிப் பாய்ந்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியைத் தேடி வரும். சட்டம் அடிக்காதவர்கள் வாரினாலாவது இறுகக் கட்டுகிறார்கள். மணல் மூட்டையில் இன்னொரு நன்மையும் உண்டு. சக்கரம் சுழன்று நின்றுவிட்டால் பையைக் கிழித்து இரண்டு கை மணலைச் சக்கரத்துக்கு முன்னே தூவலாம். நம் ரயில் இயந்திரங்கள்கூட ஈரத் தண்டவாளத்தில் சக்கரத்துக்கு முன்னே மணல் தூவிச் செல்வதைச் சிலர் கவனித்திருக்கக்கூடும். மணல் வாங்கக் காசில்லாத இளைஞர்கள் பெட்டி நிறைய வெண்பனியையே அள்ளிப் போட்டுக்கொண்டு போவதையும் கண்டிருக்கிறேன். பகைவனையே காவலுக்கு வைத்த கதை! ஆயினும் பௌதிகம் அதையும் மறுப்பதில்லை. வெயில் வந்ததும் காவல் உருகி ஓடிவிடும், அவ்வளவுதான்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் வண்டியைக் கிளப்புவதையும் மேட்டில் ஏற்றுவதையும் பற்றியது. இனிமேல் சொல்லப்போவதைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். வண்டியை நிறுத்துவதற்கு மணல் மூட்டை உதவுவதில்லை.

பிரேக் போடும்போது நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றுகின்றன. மணலின் எடையால் பற்றும் விசை கூடுகிறது. ஆனால் நிறுத்தவேண்டிய பொருளின் எடையும் அதே விகிதத்தில் கூடுகிறது. கூடியதும் கூடியதும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, எடை கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. மிஞ்சுவன வேகமும் உராய்வுக் குணகமும் மட்டுமே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, குணகம் 0.7 உள்ள உலர்ந்த சாலையில், பிரேக் பற்றியபின் ஏறக்குறைய 14 மீட்டரில் நிற்கும். கெட்டித்த வெண்பனியில் 49 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 98 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் ஓடும் தூரம் இவற்றில் சேரவில்லை. காலி வண்டிக்கும் பாரவண்டிக்கும் இது பொது. நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்லும் வண்டிக்கும் இதே கணக்குத்தான். அத்தகைய வண்டி மேடு ஏறுவதில் நிகரற்றது. அதன் எடை முழுவதும் உந்தும் சக்கரங்களின்மீது இருப்பதனால், நம் கணக்கின்படி நூற்றுக்கு இருபது அடி ஏற்றத்தையும் அது எட்டிப் பிடிக்கும். ஆனால் எல்லா மோட்டார் வண்டிகளுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. நிற்பதில் அதற்குத் தனிச் சலுகை கிடையாது.

நான் குடியிருந்த தெரு ஒரு சரிவில் இருந்தது. சரிவின் அடியில் நாற்சந்தி. காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்காகக் குழந்தைகள் அங்கே நிற்பார்கள். ஜனவரி மாதத்தில் ஒரு நாள், நான்கு சக்கரங்களும் உந்தும் பெரிய புதிய பிக்கப் ஒன்று எதிர்ச்சரிவில் சிறிதும் திணறாமல் ஏறி, உச்சியைக் கடந்து, எங்கள் பக்கம் இறங்கியது. ஏறியபோது அடைந்த நம்பிக்கையோடே ஓட்டுநர் இறங்கினார் போலும். பிரேக் பற்றியது, சக்கரங்கள் கட்டுண்டன, வண்டி மட்டும் அமைதியாக வழுக்கிக்கொண்டு வந்தது. நல்லவேளையாக அவர் அதைச் சாலையோரத்தில் குவித்திருந்த வெண்பனி மேட்டில் செலுத்திவிட்டார். குழந்தைகளுக்கும் அதற்கும் இடையே பதினைந்து கஜ தூரங்கூட இல்லை. ஏறும் திறன் நிற்கும் திறனுக்கு அத்தாட்சி அன்று என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் சோதனைச்சாலை எனக்குத் தெரியாது.

ஆகவே எடையைக் கூட்டுவதோடு நில்லாமல், குணகத்தையே உயர்த்த வழி உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு. அதுதான் குளிர்கால டயர். கெட்டித்த வெண்பனியில் குணகத்தை 0.2-லிருந்து 0.3-ஆக அது உயர்த்துகிறது என்று கொள்வோம். மணல் இல்லாத காலி லாரியே நூற்றுக்குப் பன்னிரண்டரை அடி ஏற்றத்தில் ஏறிவிடும். 300 கிலோ மணல் செய்ததைவிட இது அதிகம். டயரோடு 150 கிலோ மணலும் சேர்ந்தால் பதினான்கு அடிக்குமேல். நிற்கும் தூரமோ 49 மீட்டரிலிருந்து 33 மீட்டராகக் குறைகிறது. மணலுக்கும் டயருக்கும் இடையே ஒன்றைத்தான் வாங்கக் காசு இருக்கிறது என்று எவரேனும் என்னைக் கேட்டால், தயக்கமின்றி டயரையே சொல்வேன்.

அந்த டயரில் அப்படி என்ன இருக்கிறது? சாதாரண ரப்பர் குளிரில் விறைத்துப்போகிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடைக்கால டயர் தன் மென்மையை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர்க் கலவை கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அதன் முகத்தில் ஆழமான பள்ளங்கள் உண்டு. வெண்பனி அப்பள்ளங்களில் புகுந்து அடைந்துகொள்ளும். அடைந்த வெண்பனி சாலையில் உள்ள வெண்பனியைப் பற்றும். குழந்தைகள் வெண்பனியை உருட்டிப் பந்தாக்குவதைப் பார்த்தால், வெண்பனிக்கு வெண்பனி எவ்வளவு நன்றாக ஒட்டும் என்பது புலப்படும். இவை தவிர, டயர் முகத்தின் ஒவ்வொரு கட்டியிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருக்கும். இவற்றுக்கு ‘சைப்’ என்று பெயர். ஜான் சைப் என்பவர் 1923-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இறைச்சிக்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கத் தம் செருப்பின் அடியைக் கீறிப் பார்த்ததில் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை என்ற அளவிலே அதை ஏற்றுக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான இந்த வெட்டுகளின் விளிம்புகள் வழுக்கும் தரையைக் கடித்துப் பிடிக்கின்றன. குளிர்காலத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் டயரை ஃபின்லாந்து நாட்டில் 1934-இல் செய்தார்கள். அது கார்களுக்காகச் செய்யப்பட்டதன்று, லாரிகளுக்காகவே செய்யப்பட்டது.

பனிக்கட்டி ஏன் இப்படி வழுக்குகிறது என்ற கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. பளுவின் அழுத்தத்தால் பனிக்கட்டி உருகி நீராவதே காரணம் என்று முன்பு பாடப் புத்தகங்களில் எழுதினார்கள். கடுங்குளிரில் அந்த அழுத்தம் போதவே போதாது என்பது கணக்கிட்டால் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டிலேயே வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். உறைநிலைக்கு அருகே, பனிக்கட்டியின் மேற்பரப்பில் எவரும் அழுத்தாமலே நீர்போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்றார். 1939-இல் பௌடன், ஹியூஸ் என்னும் இருவர், தேய்ப்பினால் எழும் வெப்பமே பனிக்கட்டியை உருக்குவதில் பெரும்பங்கு கொள்கிறது என்று சோதனையால் காட்டினர். இவ்விரண்டினின்றும் ஓட்டுநருக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று: சுழிக்கு அருகே உள்ள பனிக்கட்டிதான் மிக அபாயமானது, சுழிக்குக் கீழே 25 டிகிரியில் அதே பனிக்கட்டி ஓரளவு பிடி கொடுக்கும். இன்னொன்று: சக்கரத்தை வீணே சுழலவிட்டால் அந்த வெப்பம் வெண்பனியை உருக்கி, மறுபடி உறையவைத்து, சக்கரத்துக்கு அடியில் கண்ணாடி ஒன்றைத் தயாரித்துவிடும். அப்புறம் அந்த இடத்திலிருந்து கிளம்புவது பெரும்பாடு.

டயர் அகலமாக இருக்கவேண்டுமா, குறுகலாக இருக்கவேண்டுமா என்று கேட்கலாம். அமாந்தோனின் விதிப்படி உராய்வுக்குப் பரப்பு முக்கியமன்று. ஆனால் புது வெண்பனி தரையைப் போன்றது அன்று, சேறு போன்றது. அதில் சக்கரம் அமிழும். அடியில் நல்ல சாலை இருக்கிறதென்றால், குறுகிய டயர் வெண்பனியைக் கிழித்துக்கொண்டு போய்ச் சாலையைத் தொட்டுவிடும். மினசோட்டாவில் அதுவே நல்லது. ஐஸ்லாந்துத் தீவின் பனிமலைகளிலோ, அடியில் பல நூறு அடி ஆழத்துக்குப் பனிதான், சாலையே இல்லை. அங்கே நேர்மாறான வித்தையைக் கையாளுகிறார்கள். மிக அகன்ற டயர்களைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குமேல் இருக்கவேண்டிய காற்றழுத்தத்தை 3, 4 பவுண்டு வரைக்கும் இறக்கிவிடுகிறார்கள். டயர் ஒட்டகத்தின் பாதம்போல் விரிந்து வெண்பனியின்மேல் மிதந்து செல்லும். அங்கே இவ்வாறு மாற்றியமைத்த டொயோட்டா ஹைலக்ஸ் என்னும் சிறு லாரிகள் 2007-ஆம் ஆண்டில், உறைந்த கடலின் வழியாக வட காந்தத் துருவத்தின் பக்கம் வரை சென்றன. அதைக் கேட்டுவிட்டு ஊர்ச் சாலையில் காற்றை இறக்கிவிட்டு ஓட்டுவது தகாது. குளிரால் காற்று சுருங்கி அழுத்தம் தானாகவே குறையும். அதைச் சரியாக நிரப்பி வைப்பதே அங்குத் தேவை.

டயரும் மணலும் போதாத மலைப்பாதைகளுக்குச் சங்கிலி இருக்கிறது. ஆரம்ப காலத்து மோட்டார் ஓட்டிகள் சேற்றிலும் வெண்பனியிலும் டயரைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு போவதுண்டு. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் கயிற்றின் இடத்தில் இரும்புச் சங்கிலியை அமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். சங்கிலி பனிக்கட்டியையும் கொத்திப் பிடிக்கும். ஆனால் மெதுவாகத்தான் போகவேண்டும், வெறும் சாலை வந்ததும் கழற்றிவிடவேண்டும். டயரிலேயே சிறு ஆணிகளைப் பதித்துக்கொள்வதும் உண்டு. அந்த ஆணிகள் சாலையையும் உழுதுவிடுகின்றன என்பதனால் மினசோட்டாவில் அவற்றுக்குத் தடை விதித்திருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை அச்சின் நடுவிலேயே ஒளிந்திருக்கிறது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல வேண்டியிருப்பதனால், இரண்டுக்கும் நடுவே டிபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதியை வைத்திருக்கிறார்கள். இது இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையைப் பங்கிடும். ஒரு சக்கரம் பனிக்கட்டியின்மேல் நின்றால் அதற்கு வேண்டிய விசை மிகச் சொற்பம். சமநீதி என்ற பெயரால் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்பந்தான் கிடைக்கும். ஒன்று வெறிகொண்டு சுழல, மற்றது சும்மா நிற்கும். இதைத் தடுக்கும் ஏற்பாட்டை அமெரிக்கக் கார்களில் பாக்கார்டு கம்பெனி 1956-ஆம் ஆண்டு மாடலில் கொண்டுவந்தது. இன்றைய லாரிகளில் சுழலும் சக்கரத்தை மட்டும் தானே பிரேக் போட்டு அடக்கும் மின்னணுச் சாதனமும் இருக்கிறது. கூடியமட்டும் நல்லதே, ஆயினும் இவை இருக்கும் பிடிப்பைப் பங்கிடுவன, இல்லாத பிடிப்பை உண்டாக்குவன அல்ல.

ஓட்டும் முறையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் கியரின் முரட்டு விசையைத் தவிர்த்து இரண்டாவது கியரில் மெல்லக் கிளப்புவது, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது, முன்னே செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே பல மடங்கு தூரம் விடுவது ஆகியவற்றை அங்குள்ள பதினாறு வயதுப் பையன்களும் பெண்களும் காலியான வண்டி நிறுத்தும் திடல்களில் பழகிக்கொள்கிறார்கள். டயருக்கு உள்ள பிடிப்பு ஒரு கைச்செலவுப் பணம் போன்றது. அதைத் திருப்புவதில் செலவிட்டால் நிறுத்துவதற்கு மிச்சம் இராது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் கிடைக்காமல் போகும்.

இத்தனை செய்தும் வண்டி சிக்கிக்கொள்ளும் நாள் வரும். அப்போது உயிருக்கு ஆபத்து குளிரால் மட்டும் வருவதில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு, வெப்பமூட்டியின் சுகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால், காற்றினால் குவியும் வெண்பனி புகைக்குழாயின் வாயை அடைத்துவிடக்கூடும். வெளியே போகவேண்டிய கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து ஆளை முடித்துவிடும். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் வீசிய பனிப்புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் சிலர் சாலையில் சிக்கிய தம் வண்டிகளுக்குள்ளேயே இறந்துகிடந்தனர். ஆகவே சிக்கியவர் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள வெண்பனியை அகற்றவேண்டும். மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் இயந்திரத்தை ஓட்டி, காற்று வராத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வைக்கவேண்டும். வண்டியை விட்டு நடந்து போகலாகாது. மண்வெட்டி, கம்பளி, குடிநீர், கைவிளக்கு ஆகியவற்றை என் அண்டை வீட்டார் ஒரு சாக்கில் கட்டி இருக்கைக்குப் பின்னே வைத்திருப்பார்; மணலை இறக்கினாலும் அந்தச் சாக்கை அவர் இறக்கி நான் கண்டதில்லை.

ஏப்ரல் மாதத்தில் சாலை கறுப்பாகத் தெரியத் தொடங்கியதும் மணல் இறங்கிவிடும். 160 கிலோவை வீணே சுமந்து பெட்ரோலைச் செலவிடுவானேன்? குளிர்கால டயர்களும் கழற்றப்படும். அந்த மிருதுவான ரப்பர் வெயிற்காலச் சாலையில் விரைவில் தேய்ந்து போகும். தேய்ந்த டயரை மறு குளிர்காலத்துக்கு நம்ப முடியாது. பள்ளத்தின் ஆழத்தைச் சிறு நாணயம் ஒன்றைச் செருகி அளந்து பார்த்து, நல்லவற்றை மட்டும் கொட்டகையில் வெயில் படாமல் அடுக்கி வைப்பார் அவர். கிழிந்துபோன மணல் பைகளில் மிஞ்சிய மணல் வீட்டுத் தோட்டப் பாதைக்குப் போய்விடும்.